வடக்கு கோல் மண்

கம்பளக் கடை க்ளிஃபர்ட் என்ட்விசில் எங்கள் ஃபுட்பால் கிளப்புக்குச் சேர்மன் ஆனபோது எங்கள் ஊர் ஓல்டர்ஷாவில் ஒரு சிலராவது கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முப்பது வருஷம் எங்களோடு மைதானத்து வடக்குப் படிக்கட்டில் நின்று மழையில் நனைந்தவன். கிளப் இழுத்து மூடப்படவிருந்த நேரத்தில் பங்குகளை வாங்கியவன். ஆனால் முதல் சனிக்கிழமையே நீளக் கோட்டு போட்டுக்கொண்டு நடுவட்டத்தில் நின்று, மைக்கில் "என்னுடைய கிளப்" என்றான். மைதானமே ஊளையிட்டது.

அடுத்த மாதம் புல்லைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் தரை போடப்போவதாக அறிவித்தான். மழையால் ஆட்டம் நிற்காதாம், வார நாட்களில் வாடகைக்கும் விடலாமாம். ஊரில் எல்லார் வீட்டு ஹாலையும் முடித்துவிட்டான், இனி மைதானம்தான் பாக்கி என்று சிரித்தோம். சிரிப்பை நிறுத்தியது எட்னா கிரிம்ஷா.

பஸ் டிப்போ கேன்டீனில் சமைப்பவள் எட்னா. அவள் புருஷன் ஸ்டான் செத்து நாலு வருஷம். அவனை எரித்த சாம்பல், வடக்கு கோலின் இடது கம்பத்துக்குப் பக்கத்தில், புல்லுக்கடியில் இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. மைதானத்தைப் பராமரிக்கும் வால்ட் ஒரு துண்டுப் புல்லைத் தூக்கி, சாம்பலைக் கொட்டி மூடுவார். அப்படி நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். யார் எங்கே என்பது வால்ட்டின் தலைக்குள் மட்டும். எட்னா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

ரசிகர் கூட்டத்தில் அவள் எழுந்து, ஸ்டானை என்ன செய்வாய் என்று நேராகக் கேட்டாள்.

"யாரு எங்க இருக்காங்கன்னு ஒரு ரெக்கார்டும் கிடையாது எட்னா. என்னப் பொறுத்தவரைக்கும் அது வெறும் மண்ணு" என்றான் க்ளிஃபர்ட்.

ரகளை ஆகிவிட்டது. இரண்டு வாரம் பொறுக்கிறேன், பேசி முடிவு செய்யலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாசலைத் தாண்டினான்.

அந்த வார ஞாயிறு காலையே, ஊர் படுக்கையில் கிடக்கும்போது மண் தோண்டும் எந்திரத்தை இறக்கிவிட்டான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கையில் வடக்கு கோல் இருந்த இடத்தில் பள்ளம். மண் முழுவதும் புறவழிச் சாலையில் அவன் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போயிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பள்ளத்தை நிரப்ப.

திங்கட்கிழமை அங்கே தார் வண்டி வந்தபோது எட்னா அந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நாங்கள் அறுபது பேர். க்ளிஃபர்ட் காரை விட்டு இறங்கினான்.

"எந்திரிம்மா. ஒரு வாளி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. நானே வாளி தர்றேன்."

"எந்த வாளியில ஸ்டான் இருக்கான்?"

அவன் வால்ட்டைப் பார்த்தான். எல்லாம் கலந்துவிட்டது, இனிக் கடவுளாலும் பிரிக்க முடியாது என்றார் வால்ட். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"உங்கப்பன் வாளிய மட்டும் கலக்காம எடுத்துக்கிட்டல்ல, க்ளிஃப்?"

வால்ட் மீதியையும் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்ளிஃபர்ட் தனியாக வந்தானாம். அப்பா எங்கே என்று கேட்டானாம். பெனால்டி புள்ளிக்கு வலப்பக்கம் மூன்று தப்படி என்று இவர் காட்டினாராம். தானே மண்டியிட்டுத் தோண்டி எடுத்துக்கொண்டு போனானாம். அப்பா நினைப்பு வந்துவிட்டது பாவம் என்று நினைத்து இவர்தான் மண்வெட்டி கொடுத்திருக்கிறார்.

"வெறும் மண்ணுன்னியேடா" என்றாள் எட்னா. குரலை உயர்த்தவில்லை.

க்ளிஃபர்ட், வேலையை ஆரம்பி என்று தார் வண்டிக்காரனிடம் கத்தினான். அந்த வண்டிக்காரன் எங்கள் ஊரே இல்லை. எங்கள் பரம வைரியான பர்ன்ஷா அணியின் ஆள். எஞ்சினை அணைத்துவிட்டு சிகரெட் பற்றவைத்தான்.

"உங்க டீமத் திட்டாத நாளில்ல. ஆனா எங்க ஊர்ல இப்படி ஒருத்தன் இல்லப்பா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

எட்னாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பிரிக்க முடியாதென்றால் மண் முழுவதும் வடக்கு கோலுக்குத் திரும்ப வேண்டும். அதுவரை எவனும் டிக்கெட் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. பிளாஸ்டிக் தரையில் முதல் ஆட்டம் நடந்தது. பார்த்தவர்கள் பதினேழு பேர், அதில் ஒன்பது பேர் போலீஸ். மற்றவர்கள் கழுத்தில் கிளப் துண்டோடு அவன் கடையின் கார் நிறுத்துமிடத்தில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நின்றோம். கம்பளம் வாங்க வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறு சனியும் அப்படியே. மூன்றாவது வாரம் க்ளிஃபர்ட் அனுப்பிய லாரிகள் மண்ணை அள்ளின.

கோலுக்குள் கொட்ட இடமில்லை; அங்கே பிளாஸ்டிக். வலைக்குப் பின்னால், படிக்கட்டின் அடிவரைக்கும் மேடாகக் கொட்டிப் புல் விதைத்தார் வால்ட். அடுத்த சனிக்கிழமை எட்னா வந்து அதன் பக்கத்தில் நின்றாள். ஊரும் வந்தது, க்ளிஃபர்டைப் பார்த்து ஊளையிட.

இடைவேளை முடிந்ததும் க்ளிஃபர்ட் இறங்கி வந்தான். இனி அவள் ஆயுசு முழுக்கச் சேர்மன் மாடத்தில் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றான். கையையும் நீட்டினான்.

"மண்ணு மொத்தமும் கொண்டுவந்துட்டேன். இன்னும் என்ன எட்னா?"

"நகரு" என்றாள் எட்னா. "ஆட்டத்த மறைக்கிற."