கடிகாரத்தின் பழைய முகம்

"முகத்தை மாத்திட்டா, தான் யாருன்னு கடிகாரத்துக்கு மறந்துபோயிடுமா மாமா?"

பாக்தாதில் ஆட்சி விழுந்த வருஷம், ரஷீத் தெருவை ஒட்டிய சந்தில் இருந்த ஹிக்மத்தின் கடிகாரக் கடையில் ஷஹ்லா என்ற சிறுமி கேட்ட கேள்வி இது. அவளுடைய தாய் தன் கணவரின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தாள். டயலில் பழைய ஆட்சித் தலைவரின் படம். ஒரு காலத்தில் பெருமையாகக் கட்டிக்கொண்ட பரிசு. சோதனைச் சாவடியில் எவன் கண்ணிலாவது பட்டால் இப்போது உயிர் போய்விடும். ஹிக்மத் வேறு டயல் போட்டுக் கொடுத்தார். கேள்விக்குப் பதில் தெரியாததால், சிறுமியின் கையில் பேரீச்சை வைத்த கிலேச்சா பிஸ்கட் ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தார்.

வேலை முடிவதற்குள் சந்துக்குள் கொள்ளைக்கூட்டம் புகுந்துவிட்டது. அந்தத் தாய் வாசலில் குறுக்கே நின்றாள். "இது என் அண்ணன் கடை. என்னைத் தாண்டி உள்ள போங்கடா, பாக்கலாம்!" கூட்டம் தயங்கி, அடுத்த கடைப் பக்கம் திரும்பிவிட்டது.

போகும்போது கழற்றிய டயலை அவரிடமே விட்டாள். "அமானிதமா உங்க பொறுப்புல இருக்கட்டும் அண்ணே. எரிக்க மனசு வரலை. வீட்டுல வைக்கப் பயமா இருக்கு. கராதாவுல, ரொட்டிக்கடைப் பக்கம்தான் எங்க வீடு." பிறகு அவள் வரவே இல்லை. டயல் மட்டும் பஞ்சில் சுற்றி, மேசை இழுப்பறையில் கிடந்தது.

சிறுமி வளர்ந்து பெரியவளாகியிருக்கும் காலம் கழிந்து, ஒரு முற்பகலில் அந்தக் கடிகாரம் கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவன் ரஆத். அவன் யாருடைய ஆள் என்று அந்தத் தெருவில் எவரும் கேட்பதில்லை. உட்கார்ந்ததும், சாவிக்கொத்தை வைப்பதுபோல இடுப்புத் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான்.

"எங்க அப்பாவோடது உஸ்தா. எல்லாம் ஒரிஜினல்னு எழுதி, விலை போட்டு, முத்திரை குத்திக் குடு. வாங்கறவன் பஸ்ராவிலேர்ந்து வந்து டீக்கடையில காத்துக்கிட்டு இருக்கான்."

பின்மூடியைத் திறந்த ஹிக்மத் குனிந்து உற்றுப் பார்த்தார். உட்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்ன எழுத்து. பழுது பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று வைக்கும் அடையாளம் அது. இது அவருடையது.

"என்ன உஸ்தா, கடிகாரத்தைவிட உன் கை வேகமா ஓடுது?"

"வயசாச்சுல்ல. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு."

ரஆத் சிரித்தான். ஹிக்மத்தும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் இதை விற்றாரா, அல்லது அவர் கையிலிருந்து உருவினார்களா? அதைக் கேட்டுவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா? சொன்ன விலை பிடிக்கவில்லை என்று போன மாதம் பக்கத்துச் சந்தில் ஒருவரின் விரல்களை உடைத்திருந்தார்கள். விரல் போன கடிகாரக்காரனுக்கு வேறென்ன மிச்சம்?

ஒரிஜினல். ஒரே ஒரு சொல். எழுதிவிட்டால் தீர்ந்தது. ஏமாறப்போவது முகம் தெரியாத பஸ்ராக்காரர். பேனாவை எடுத்தார். ஆனால் தராசில் விரல் வைப்பதைக் கடை முழுக்க ஒருவரும் பார்க்காவிட்டாலும் பார்க்கிற ஒருவன் உண்டே என்ற நினைப்பு, துப்பாக்கியைவிடப் பக்கத்தில் வந்து நின்றது. 'இறைவா, என் விரல்களை நீ பார்த்துக்கொள்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார்: டயல் மாற்றியது. முட்கள் வேறு கடிகாரத்தினுடையவை. சாவி கொடுக்கும் திருகு புதிது. வெளிக்கூடும் இயந்திரமும் மட்டுமே பழையவை. விலை, ரஆத் எதிர்பார்த்ததில் கால் பங்கு.

ரஆத் படித்தான். சிரிப்பு போய்விட்டது.

"டயல் மாத்தினதா? எவன் மாத்தினான்?"

"நான்தான். கடிகாரத்துக்குச் சொந்தக்காரங்க கேட்டாங்க, மாத்திக் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கடிகாரம் இவனுடைய அப்பாவுடையது அல்ல என்று தனக்குத் தெரியும் என்பதை வாய்விட்டே சொல்லியாகிவிட்டது. அடுத்து, பழைய டயல் எங்கே என்று கேட்பான். அது முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் இருக்கிறது. பழைய தலைவரின் படத்துக்காகவே சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள்; இந்தக் கடிகாரத்துக்கு உயிரே அதுதான்.

ரஆத்தின் கை துப்பாக்கியின் பக்கம் நகர்ந்தது. "சொந்தக்காரங்களை ஞாபகம் இருக்கா உனக்கு?"

"என் கண்ணு, நான் கடிகாரம் பாக்கறவன். மனுஷனைப் பாக்கறவன் மேல இருக்கான்."

ரஆத் அவரை முறைத்தான். 'மேல இருக்கான்' என்ற சொல்லில் அவன் கண்ணிலும் ஏதோ கலங்கியது. கடிகாரத்தை எடுத்தவன், அது சட்டென்று சுட்டதுபோல அவர் பக்கமே தள்ளினான்.

"இதுதான் நியாய விலையா? அப்போ நீயே வாங்கு. இப்பவே. சொன்ன விலையிலேர்ந்து இப்ப பின்வாங்கினே..."

அவரும் மனைவியும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகவென்று சேர்த்த பணம் தகர டப்பாவில் இருந்தது. குறைக்காமல் எண்ணிக் கொடுத்தார். ரஆத் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, "பைத்தியக்காரக் கிழவன்" என்றபடி வெளியேறினான். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு ஹிக்மத் இழுப்பறையைத் திறந்து, பஞ்சில் சுற்றிய டயலை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பெண் அன்று சொன்ன ரொட்டிக்கடையைத் தேடி கராதா பகுதிக்குப் போய், ஷஹ்லாவின் வீட்டைக் கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் கைகாட்டினார். "ஷஹ்லா டீச்சர் வீடா? அதோ, நீலக் கதவு. பாவம், அம்மா படுத்த படுக்கை. அப்பாவைக் கூட்டிட்டுப் போனவனுங்க இன்னும் திருப்பி அனுப்பலை."

பாங்கு ஒலித்ததும் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்ச் சந்து காலியானது. நீலக் கதவின் கைப்பிடியில் ஒரு கிலேச்சாப் பெட்டியைக் கட்டினார். உள்ளே கடிகாரம் இருந்தது. அதன் பழைய முகம் பஞ்சில் சுற்றித் தனியாக இருந்தது. எந்த முகம் வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பேர் எழுதவில்லை.

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "இன்னும் ஒரு வாய்தான்மா, குடிச்சிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஹிக்மத் கதவைத் தட்டவில்லை. தொழுகை தொடங்கியிருந்தது. வேகமாக நடந்து, கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார்.