எழுபது கிரெயின் மிளகு

எங்கள் வேட்டைக் குடிலில் அடுப்புக்கு மேலே உள்ள சுவர் முழுக்கச் சட்டை வால்கள் தொங்குகின்றன. மானைச் சுட்டுத் தவறவிட்டவரின் சட்டையில் பின்பக்கம் ஒரு சாண் கத்தரித்து, பெயரெழுதி ஆணியடித்துவிடுவோம். சுவரில் இருப்பதில் பெரும்பாலானவை என் மச்சான் மெர்வினுடையவை. ஒன்று என்னுடையது. இன்னொன்று ஒரு பாதிரியாருடையது. அவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வந்ததில்லை.

என் மனைவி அர்லீன் பெயரில் மட்டும் ஒன்றும் கிடையாது. அவளுடைய பச்சைக் கட்டம்போட்ட சட்டையைக் கம்பளித் துணியில் அவளே வெட்டித் தைத்தாள். பனியில் உட்கார்ந்தால் ஈரம் ஏறாதபடி வாலை நீளமாக விட்டிருக்கிறாள். அந்த வால் சுவருக்கு வரவேண்டும் என்பது அவள் தம்பி மெர்வினின் வாழ்நாள் லட்சியம். இந்த வருடம் புதுக் கத்தரிக்கோலே வாங்கி வந்திருந்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் இந்த வேட்டையில் சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கிதான் எடுக்கலாம். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை இறக்கிக் கெட்டிக்க வேண்டும். விசையை அழுத்தினால் கல் இரும்பில் உரசும். அந்தப் பொறி வெளியே ஒரு சின்னக் கிண்ணியில் இருக்கும் பொடிமருந்தைப் பற்றவைக்கும். அந்த நெருப்பு குழலின் பக்கவாட்டில் உள்ள காதோட்டை என்ற சிறு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்தும். இதில் எது ஒன்று விட்டுப்போனாலும் மான் நம்மைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டும்.

முதல் நாள் மதியம் இலக்கு வைத்துச் சுட்டுப்பார்த்தோம். மெர்வின் கட்டைவிரல் நீளத்துக்குக் கூர்மையான குண்டுகளைக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, உன் கோலிக்குண்டை எல்லாம் தூக்கிப் போடு. இது ஒண்ணு பட்டா மான் அந்த இடத்துலயே உக்காந்துடும்."

"பட்டாத்தானேடா?" என்றாள் அர்லீன்.

இருவர் துப்பாக்கியும் ஒரே மாதிரிதான். குழலின் உள்ளே ஓடும் புரி மிக மெதுவாகச் சுற்றும். ஐந்தரை அடிக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டு நேராகப் போக அந்தச் சுழற்சி போதும். நீளக் குண்டுக்குப் பம்பரம் மாதிரி வேகமான சுழற்சி வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் தலைகுப்புறப் புரளும். மெர்வினின் குண்டு அட்டையில் போட்ட ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருந்தது. அதாவது, குண்டு பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது.

"மருந்து பத்தலை" என்று சொல்லி நூற்றிருபது கிரெயின் கொட்டினான். மருந்தை அளக்கும் எடை அது; ஏறக்குறைய பதினைந்து கிரெயின் ஒரு கிராம்.

வெடித்ததும் அர்லீன் அவன் முன்னால் இருந்த பனியைக் காட்டினாள். வெள்ளைப் பனியில் கறுப்புப் புள்ளிகள். "பாத்தியா? எரியாம வெளிய வந்து விழுந்த மருந்து. நீ பனிக்குத் தீனி போடுற."

பிறகு தன்னுடைய எழுபது கிரெயினைக் கெட்டித்துச் சுட்டாள். ஓட்டை வட்டமாக, நடுவில். குண்டைப் பொதிந்திருந்த துணி சில அடி தள்ளி விழுந்திருந்தது; அதை எடுத்து வந்து எங்களிடம் நீட்டினாள். ஓரம் லேசாகப் பொசுங்கி, நடுவில் கிழியாமல், ஒரு பூவைப் போல விரிந்திருந்தது. துணி கிழிந்திருந்தால் மருந்து அதிகம், அல்லது துணி மெல்லிசு. முழுசாக இருந்தால் மருந்து, துணி, குண்டு மூன்றுக்கும் ஒத்துப்போகிறது. எனக்கு இந்தத் துணியைப் பார்ப்பதில் எப்போதும் ஒரு சந்தோஷம். மெர்வினுக்கு இல்லை. அவன் அவளுடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் வராந்தாவில் நின்று அர்லீன் துப்பாக்கியைக் கெட்டித்தாள். மான்கொம்பு நுனியைக் குடைந்து செய்த அளவுக் குப்பியில் மருந்தை நிரப்பிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். அப்போது பார்த்து மெர்வினுக்கு அறிவுப்பசி எடுத்தது.

"அக்கா, நானும் உருண்டைக்கே மாறிடுறேன். உன் துணி ரெண்டு குடேன். எந்தக் கொழுப்பு தடவுற?"

"கரடிக் கொழுப்பு. இருடா, எடுத்துத் தரேன்." அவள் பைப்பக்கம் திரும்பினாள். துணியைக் கொடுத்துவிட்டு மறுபடி திரும்பியபோது குப்பி காலியாக இருந்தது. குப்பி காலி என்றால் மருந்து குழலுக்குள் போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? குண்டை வைத்துக் கோலால் இறக்கினாள். கோலில் ஒரு கோடு கீறியிருக்கிறாள். சரியாகக் கெட்டித்தால் அந்தக் கோடு குழலின் வாயோடு நிற்கும். அதைப் பார்ப்பதற்குள், "வெளிச்சம் வந்தாச்சு, கிளம்பு கிளம்பு" என்று மெர்வின் அவளைப் படியிறக்கிவிட்டான்.

நான் சமையல்காரன். எல்லாருக்கும் போலோனா இறைச்சி வைத்த சாண்ட்விச் கட்டிக் கொடுத்துவிட்டு அர்லீனோடு போய்ப் பழைய ஆப்பிள் மரங்களுக்குக் கீழே உட்கார்ந்தேன். மெர்வின் சரிவுக்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்க்கிற மாதிரி இடம் பிடித்தான்.

கிளைக்கொம்போடு ஒரு மான் வந்தது. நாற்பது கஜம் இருக்கும். அர்லீன் விசையை அழுத்தினாள். பொறி, கிண்ணியில் ஒரு புகை, 'ஃபுஸ்.' அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் அசையாமல் மறுபடி பொடியிட்டு அழுத்தினாள். 'ஃபுஸ்.' மான் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போய்விட்டது.

அர்லீன் கோலை உள்ளே விட்டாள். கோடு குழலுக்குள் முங்கியே போனது. "எல்வுட், உள்ள குண்டு மட்டும்தான் இருக்கு. மருந்தே இல்ல. ஆனா நான் போட்டேனே!"

அதற்குள் மெர்வின் கத்தரிக்கோலோடு சரிவில் உருண்டு புரண்டு வந்துவிட்டான். "தவறிடுச்சு! நான் கண்ணால பாத்தேன்! சட்டையைக் கழட்டு!"

"எதுடா தவறிச்சு? என் குண்டு இன்னும் குழலுக்குள்ள இருக்கு. போகாத குண்டு எப்படித் தவறும்?"

"விசையை அழுத்தின. மான் போயிடுச்சு. அதுக்குப் பேரு என்ன? மாமா, நீங்களே சொல்லுங்க."

வழக்கம் என்னவோ 'தவறவிட்டவர்' என்றுதான் சொல்கிறது. குண்டு கிளம்ப வேண்டுமா வேண்டாமா என்று யாரும் வரையறுத்து வைக்கவில்லை. அர்லீன் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க மாமா. பசிக்குது. உங்க சாண்ட்விச் வாயில வைக்க விளங்கல. இவ்வளவு மிளகுத்தூளா போடுவாங்க? பாதியைத் துப்பிட்டேன்."

நான் சாண்ட்விச்சில் மிளகு போடுவதே இல்லை. எனக்கு நெஞ்சு எரியும்.

"மச்சான், கொஞ்சம் சிரி."

வெற்றிக் களிப்பில் இருந்தவன் தாராளமாகச் சிரித்தான். பல் இடுக்கெல்லாம் கறுப்பு. பக்கத்தில் போனால் அழுகிய முட்டை வாடை. அது கந்தகம். கோட்டுப் பையைக் கவிழ்த்துக்காட்டச் சொன்னேன். காகிதம் பிரிந்த சாண்ட்விச் துண்டும், கூடவே கொஞ்சம் கருமருந்தும் பனியில் கொட்டின.

அர்லீன் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "டேய், குப்பியை உன் பையிலயா கவுத்த?"

"சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"தீர்ப்பு சொல்றேன்" என்றேன். "மானைச் சுட எடுத்து வச்ச மருந்து எழுபது கிரெயின். அதுல பாதி பையில, மீதி உன் வயித்துல. அப்போ மானைத் தவறவிட்டது யாரு?"

மெர்வின் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அர்லீன் காதோட்டை வழியாகக் கொஞ்சம் பொடிமருந்தை ஊசியால் தள்ளி, கிண்ணியிலும் இட்டு, பனிமேட்டைப் பார்த்துச் சுட்டாள். குண்டு இருமல் மாதிரி ஒரு சத்தத்தோடு வெளியே வந்து பத்தடி தள்ளி 'பொத்' என்று விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள்.

"கத்தரிக்கோலைக் குடு. திரும்பி நில்லு."

புதுக் கத்தரிக்கோல் நன்றாகவே வெட்டியது.