தெருவிளக்கு எரிவதற்குள்

தெருவிளக்கு எரிவதற்குள் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மெம்ஃபிஸில், கறுப்பர்கள் வாழும் தெருவில், செட்ரிக் வளர்ந்தது அந்தச் சட்டத்தில்தான்; மகன் ஜமாரியை வளர்த்ததும் அதில்தான். மீறினால் பெல்ட். அது சமையலறைக் கதவின் ஆணியில் தொங்கியது.

அன்று விளக்கு எரிந்து வெகு நேரம் கழித்துத்தான் பையன் மூச்சிரைக்க வந்தான். பதினோரு வயது. கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது.

"எங்கடா போன?"

"பந்து விளையாடினேம்ப்பா. நேரம் தெரியல."

பொய். செட்ரிக் ஆணிப் பக்கம் போனான். மேசையில் பொரித்த கெளுத்தி தின்றுகொண்டிருந்த அவன் அக்கா டெலோரிஸ் தலை நிமிரவில்லை.

"போடு ரெண்டு. நாம அடிச்சா தழும்போட போகும். போலீஸ்காரன் அடிச்சா ஆளே போயிடுவான். அப்பா உன்னைத் தோலை உரிச்சாரே, செத்தா போன?"

"சாகலக்கா."

"அப்புறமென்ன, நல்ல நாள் பாக்குறியா?"

ஜமாரி யாரும் சொல்லாமலே திரும்பி, ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து நின்றான். போலீஸ் வண்டியின் மேல் கை வைத்துச் செட்ரிக்கும் அப்படி நின்றிருக்கிறான்.

"முட்டி எப்படிக் கிழிஞ்சது?"

"சொன்னா அடிப்பீங்க."

"அடிக்கல."

"போன தடவையும் அதான் சொன்னீங்க."

செட்ரிக் பெல்ட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "இதுமேல உக்காருக்கா. நீ உக்காந்தா எவனாலயும் எடுக்க முடியாது."

"கொழுப்புடா உனக்கு." உட்கார்ந்தாள்.

பையன் திரும்பாமலே சொன்னான். "போலீஸ் வண்டி வந்துச்சு. நில்லுன்னாங்க. லைட் எரிஞ்சிடுச்சுப்பா. ஓடிட்டேன். வேலி குதிச்சு, சர்ச்சுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

டெலோரிஸ் மீனைக் கீழே வைத்தாள்.

"போலீஸைப் பாத்தா ஓடக்கூடாதுன்னு எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்!" என்றான் செட்ரிக்.

"சொன்னீங்க. அவங்க அடிப்பாங்களான்னு தெரியாது. நீங்க அடிப்பீங்கன்னு தெரியும்."

செட்ரிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"இனிமே லேட்டானா ஆகட்டும். நில்லுன்னா நில்லு. நடந்து வா. அடி கிடையாது."

"பயமே இல்லாம வளரப்போறான்" என்றாள் டெலோரிஸ்.

"எனக்கு இருக்குல்ல, போதும்."

மறுநாள் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் தெருவிளக்கு எரிந்தது. ஜமாரி வரவில்லை. செட்ரிக் ஜன்னலோரம் நின்றான். கை தானாக இடுப்புக்குப் போனது. கையை எடுத்துக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

தெருமுனையில் பையன் தெரிந்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தான்.

செட்ரிக் கதவைத் திறந்தான்.

"கை கழுவு" என்றான்.