தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழோடு நின்றவன்

தம்பியின் உண்மைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவன் 'மீட்டர்'. பதின்மூன்று வயதில் கால் முறிந்து படுத்திருந்தபோது, சுவரிலிருந்த மின் மீட்டரின் எண்ணைப் பிடித்துக்கொண்டான்: 1022117. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்ணா அது? மூன்று, ஏழு, பதினொன்று என்று பகா எண்களாலேயே வகுத்துக்கொண்டு போனான். அக்கா பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துக் கொடுத்து மாளவில்லை. 997 வரைக்கும் மீதி விழுந்தது.

"ஆயிரம் வரைக்கும் பார்த்தாச்சு அக்கா. இனி எந்தக் கொம்பனாலயும் இதை உடைக்க முடியாது!"

பிறகு பஸ் ஓட்டினான். மேலதிகாரி திட்டினால், "நான் எங்க வீட்டு மீட்டர் நம்பர் மாதிரி சார், உடைய மாட்டேன்" என்பான்.

ஐம்பது வயதில் நுரையீரல் கைவிட்டது. திரைச்சீலை தைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்தாள். டாக்டரும் தம்பியின் மனைவியும் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நீயாவது எங்கிட்ட பொய் சொல்லாதே அக்கா" என்றான்.

ஒருநாள் நர்ஸ் படுக்கை மாற்றும்வரை வெளியே நின்றவள், பொழுது போகாமல் 997-க்கு அடுத்த பகா எண்ணால் அந்த மீட்டர் எண்ணை வகுத்துப் பார்த்தாள். ஆயிரத்து ஒன்பது. ஈவு ஆயிரத்துப் பதின்மூன்று, மீதி இல்லை. மறுபடி வகுத்தாள். இல்லவே இல்லை.

"டேய், உன் நம்பர் உடைஞ்சுடுச்சுடா."

"எதால?"

"ஆயிரத்து ஒன்பதால. நீ விட்ட இடத்துக்கு அடுத்தது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று முழுக்க அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். "பெருக்கிக் காட்டு."

"ஆயிரத்துப் பதிமூணை ஆயிரத்தால பெருக்கினா பத்து லட்சத்துப் பதிமூவாயிரம்."

"ஒன்பதால..." மூச்சு வாங்கியது. "ஒன்பதாயிரத்து நூத்திப் பதினேழு. கூட்டு."

கூட்டினாள். சரியாக வந்தது. அவன் சிரித்தான், சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருக்கணும் அக்கா. ஆயிரத்தோட போதும்னு யார் சொன்னா எனக்கு?"

அன்று சாயங்காலம் போய்விட்டான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவன் மனைவி கேட்டாள்: "கடைசி நாள் உங்ககிட்ட கணக்குதான் பேசிட்டிருந்தார். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லையே அண்ணி?"

"உன் நேரத்தை நான் எடுத்துக்கிட்டேம்மா" என்றாள் அக்கா.

அவன் மனைவி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களை அக்கா ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.