இரண்டு கதவு வண்டி

ஞாயிற்றுக்கிழமை கார்ச் சந்தை என்றால் எனக்குச் சனிக்கிழமையே கால் வலிக்க ஆரம்பித்துவிடும். வயிற்றில் பிள்ளை. விடிவதற்குள் போய் நடுவரிசையில் இடம் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சேறும் பழைய டயரும் கிடக்கிற கடைசி மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பக்கம் வாங்குகிறவன் வரமாட்டான், பொழுதுபோகாதவன்தான் வருவான்.

எங்கள் வண்டி ஜப்பான் கூபே. நீல நிறம், முதுகில் ஒரு சின்ன இறக்கை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கதவு. கல்யாணத்துக்கு என் அப்பா ஒரு பெண்குதிரை கொடுத்தார். அதை விற்ற பணத்தோடு தன் சேமிப்பையும் சேர்த்து என் வீட்டுக்காரன் திலெக் இதை வாங்கினான். வாங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. அன்றைக்கு நானும் ஒல்லியாக இருந்தேன், முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைவது ஒரு விளையாட்டாக இருந்தது. இப்போது அப்படியா? பிஷ்கெக்கில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது ஊரின் மறுகோடியில். மாமியாருக்கு இடுப்பு மடங்காது, எனக்கு வயிறு மடங்காது. பிள்ளை பிறப்பதற்குள் நாலு கதவு வைத்த ஏதாவது ஒரு கிழட்டு வண்டி வந்து சேர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் விற்கவேண்டுமே. இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் வந்துகொண்டிருந்தோம். சந்தையில் எங்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாய்க்கும் குறைவில்லை.

"ஏம்மா, மிச்ச ரெண்டு கதவு எங்க? அதைத் தனியா வித்துட்டீங்களா?" என்பான் ஒருவன்.

"இதுல ஆட்டை எங்க ஏத்துறது?" என்பார் தொப்பி வைத்த ஒரு பெரியவர்.

"டிக்கி பெரிசுங்க, அதுல ஏத்தலாம்."

"டிக்கியில போட்டா அதுக்கு மூச்சு முட்டாதா? என் ஆடு ஜன்னல் வழியா ஊரைப் பாத்துக்கிட்டுதான் வரும்."

இதே ரக வண்டியை முன்பு வைத்திருந்தவர்களும் வருவார்கள். அவர்கள்தான் மோசம். எங்களை ஆளாகவே மதிக்காமல், எங்கள் வண்டி முன்னால் நின்றுகொண்டு தங்களுக்குள் வழக்காடுவார்கள்.

"ஆறு சிலிண்டர் இன்ஜின். சாகவே சாகாது. எண்ணெய் மட்டும் ஒழுங்கா மாத்தணும்."

"இன்ஜின் சாகாது, கதவு செத்துடும். இவ்ளோ நீளக் கதவு, கீல் எவ்ளோ நாளைக்குத் தாங்கும்? என்னோடது கடைசியில தொங்கிப்போச்சு. தூக்கிப் பிடிச்சுதான் சாத்துவேன்."

"நீ உன் மாமனாரை ஏத்தியிருப்பே."

"பெட்ரோல் எப்படிக் குடிக்கும்?"

"கேக்காதே. குடிகார மச்சான் மாதிரி. ஊத்த ஊத்த உள்ள போயிட்டே இருக்கும்."

சிரிப்பார்கள். கதவைத் திறந்து, மூடி, தோல் சீட்டைத் தடவி, கூரை ஜன்னலைத் திறக்கச் சொல்லி, பாட்டுப் போடச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டுக் கேட்டு வண்டியின் லட்சணம் முழுவதும் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சீட் எத்தனை நிமிடத்தில் சூடாகும் என்று சொல்வேன்.

நிஜமாக வாங்குகிறவனும் இடையிடையே வந்தான். அவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், அதிகம் பேச மாட்டான். அப்படி ஒருவன் வந்தால் திலெக் என் பக்கம் திரும்பி, "பெகிமாய், போய் டீ வாங்கிட்டு வாயேன்" என்பான். நான் வீங்கின காலோடு, சம்சா என்கிற கறிப் பலகாரம் விற்கிற கடை வரைக்கும் நடந்து, வரிசையில் நின்று, டீயோடு திரும்பி வருவேன். ஆள் போயிருப்பான். "படியல" என்பான் திலெக். விலையா படியவில்லை என்று கேட்டால் ஆமாம் என்பான். இவனுக்கு விற்கத் தெரியவில்லை என்று மாமியாரிடம் சொல்லிச் சலித்துக்கொண்டேன். ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை விட்டுப் பிரிய மனசில்லை என்றும் ஒரு சந்தேகம். என் ஆத்திரம் எல்லாம் அந்த ஆசையின் மேல்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. செருப்பு சேற்றில் புதைந்தது. குளிரில் எனக்கு நிற்கவே முடியவில்லை.

"இன்னைக்கு டீ நீ வாங்கிட்டு வா. நான் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்" என்றேன்.

திலெக் வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அரைமனதாகப் போனான்.

அவன் தலை மறைந்ததும் தரகர் ஓமுர் அண்ணன் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வந்தார். சந்தையில் அவர் கை படாமல் வண்டி கைமாறாது. வந்தவனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். பேர் சஞ்சர், தலாஸ் பக்கம். அதிகம் பேசவில்லை. இன்ஜினைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டான். கதவின் கீலை ஆட்டிப் பார்த்தான்.

"அடி ஏதாவது பட்டிருக்காக்கா?"

"எங்க கைக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு கீறல்கூட விழல தம்பி."

"மலைக் கணவாய் தாண்டி ஓட்டணும். வீட்டுக்காரியும் கைக்குழந்தையும் கூட வருவாங்க."

"மலைக்கு இந்த இன்ஜினை அடிச்சுக்க ஆளில்ல. சீட் சூடாகும். குழந்தைக்குக் குளிராது" என்றேன். மனதறிந்து நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஓமுர் அண்ணன் என் வலது கையையும் அவன் வலது கையையும் பிடித்துச் சேர்த்தார். "தங்கச்சி, விலையில கொஞ்சம் இறங்கு. தம்பி, நீ கொஞ்சம் ஏறு. வயித்துப் பிள்ளைக்காரி கையைப் பிடிச்சுட்டு இழுபறி பண்ணாதே, பாவம்" என்று சொல்லிக் குலுக்கினார். குலுக்கக் குலுக்க நான் இறங்கினேன், அவன் ஏறினான். எங்கேயோ ஓரிடத்தில் சந்தித்தோம். கை விலகியபோது வியாபாரம் முடிந்திருந்தது. கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் எங்கள் பக்கம் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

குதிரையை விற்றால் கயிற்றை மட்டும் நாங்கள் கொடுப்பதில்லை, வீட்டு யோகமும் அதோடு கூடப் போய்விடும் என்று. காருக்கு எது கயிறு என்று யாருக்கும் தெரியாது. நான் சாவியிலிருந்து வளையத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சஞ்சர் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

திலெக் இரண்டு கையிலும் டீக் கோப்பையோடு வந்து நின்றான்.

"வித்துட்டேன்" என்றேன்.

குறைத்து விற்றுவிட்டாய் என்று கத்துவான், பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. சஞ்சரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கோப்பைகளை வண்டியின் கூரைமேல் வைத்தான். "தம்பி, இங்க கொஞ்சம் வாங்க" என்று கதவைத் திறந்து, குனிந்து, முன்சீட்டுக்குக் கீழே இருந்த மிதியடியையும் அதன் அடியிலிருந்த விரிப்பையும் தூக்கினான்.

தரைத் தகட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடிப்பாக ஒரு பற்றவைப்புத் தழும்பு.

"இது முழு வண்டியா வந்ததில்ல" என்றான். "முழு வண்டின்னா வரி ஜாஸ்தின்னு ரெண்டா அறுத்து, உதிரிப் பாகம்னு சொல்லிக் கொண்டுவந்து, இங்க வெச்சு ஒட்டியிருக்காங்க. வாங்கும்போது எனக்கும் தெரியாது."

சஞ்சர் விரலால் அந்தத் தழும்பைத் தடவினான். "எங்கயாவது மோதினா?"

"ரெண்டா போயிடும்னு மெக்கானிக் சொன்னான்."

ஓமுர் அண்ணன் சேற்றில் காறித் துப்பினார். "போன வாரமும் இதே கதை, அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. பொண்டாட்டியாவது விக்கிற வழியப் பாப்பான்னு அவன் இல்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வந்தேன். நல்ல குடும்பம்."

"உங்களுக்கு இது தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"இந்த வரிசையில யாருக்கும்மா தெரியாது?" என்றார்.

சஞ்சர் கோபப்படவில்லை. திலெக்கின் தோளைத் தட்டி, "நல்லாயிருங்கண்ணே, சொன்னீங்களே" என்றான். போகத் திரும்பினவன் என் வயிற்றைப் பார்த்து நின்றான்.

"அக்கா, நீங்க இதுலயா வந்தீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தான்.

அவர்கள் இருவரும் போன பிறகு வண்டியின் மேல் சாய்ந்து நின்றேன். உட்கார இடம் அதற்குள்தான் இருந்தது, எனக்கு உட்கார மனமில்லை.

"எப்போ தெரியும்?"

"கோடையில. சைலன்சர் மாத்தறதுக்கு வண்டியத் தூக்கினப்போ."

"நாம ஏரிக்குப் போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்" என்றான். ஏரிக்குப் போகும் வழியில் பள்ளத்தாக்குப் பாதையில் அவன் மாட்டுவண்டி மாதிரி ஓட்டினான். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்து எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. என் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக இத்தனை பதமாக ஓட்டுகிறானே என்று எனக்குப் பூரிப்பு. ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவள் பொறாமைப்பட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்கப்பா குடுத்த குதிரையை வித்து அறுத்த வண்டிய வாங்கிட்டு வந்தேன்னா? வித்துட்டா எல்லாம் முடிஞ்சுடும், உனக்குத் தெரியவே வேணாம்னு நெனச்சேன்."

"விக்கத்தான் இல்லையே. வந்தவனை எல்லாம் நீதானே துரத்திவிட்டே."

"தெரிஞ்சே ஒருத்தன் தலையில கட்ட மனசு வரல பெகிமாய். அவனும் குடும்பத்தோடதானே போவான்."

பொய் சொல்லவில்லை. திலெக் நல்லவன்தான், அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவன் என்றால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

"யாரோ ஒருத்தன் பொண்டாட்டிக்கு உன் மனசு பதறுது. பாத்திருக்கவே மாட்டே அவளை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விடியக்காலையில என்னை மட்டும் இதுல ஏத்திட்டு வந்தியே, அப்போ பதறலையா?"

"பதறிக்கிட்டேதான் ஓட்டினேன்" என்றான்.

அழுகை வரவில்லை. அத்தனை அலுப்பு. பிள்ளை உள்ளே புரண்டது, நான் கையை வைத்துக்கொண்டேன். கூரைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வா, வீட்டுக்குப் போலாம். ஏறு. மெதுவா ஓட்டுறேன்."

நான் வாசலை நோக்கி நடந்தேன். ஊருக்குள் ஆள் ஏற்றிப் போகிற வேன் எல்லாம் அங்கேதான் நிற்கும். பின்னால் அவன் என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான். சேற்றில் வழுக்கிவிடாமல் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது எங்கள் வண்டியருகே தோல் கோட்டுப் போட்ட புதிய ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். திலெக் குனிந்து, விரிப்பைத் தூக்கி, அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.