சுணங்கிய காரணம்

"வழக்குப் போடாமச் சுணங்கினதுல, இத்தாவில இருந்தது நாலு மாசம் பத்து நாள். அத விளங்கப்படுத்தலாம். மிச்ச மூணு வருஷம்?" என்று கேட்டுவிட்டுச் சட்டத்தரணி பேனாவை மேசையில் வைத்தார். பளீலா கைப்பையின் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கணவர் மீராசாஹிப் மௌத்தாகி, இத்தாத் துக்கத்தில் அவள் அறையைவிட்டு வெளிவராதிருந்த நாட்களில்தான் மாம்புரிக் காணியை அளந்து பதிய அரசாங்க ஆட்கள் வந்தார்கள். வாப்பா மகனுக்கும் மகளுக்குமாக விட்டுப்போன தென்னந்தோட்டம். அவளுடைய வீடும் அதற்குள்தான். எல்லை காட்டியது மூத்தவர், அவளுடைய நானா ஹயாத்து முகம்மது. உரித்தாளர் யார் யார் என்று கேட்டபோது, இத்தா இருக்கும் பெண்ணின் பெயரை அந்நிய ஆண்களிடம் சொல்வது முறையல்ல என்று நினைத்துத் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டார். ஆட்சேபிக்கும் நாட்களும் கடந்தன. பதிவேட்டில் முழுக் காணியும் அவருடையதாயிற்று. "பொறகு சேர்த்துக்குவம் புள்ள," என்றார். அவளும் ஓம் என்றாள்.

மிச்ச மூன்று வருடத்துக்கும் காரணம் இருந்தது. வழக்கென்றால் எதிராளி என்ற இடத்தில் நானாவின் பெயரை எழுதவேண்டும். வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து, "சோறு ஈக்கா?" என்றபடி வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரின் பெயரை. இதை எந்தச் சத்தியக்கடதாசியில் எழுதுவது? ஆனால் போன மாதம் அவர் மகன் இனாஸ், ஹோட்டல்காரர்களைக் கூட்டிவந்து அவளுடைய கிணற்றடியை அளந்தான். நானாவின் காலத்துக்குப் பிறகு என்றொரு நினைப்பு அன்றுதான் முதன்முதலாக வந்தது. அப்படி நினைத்ததற்காக அவள் அன்று முழுக்கத் தன்னையே வெறுத்தாள்.

"நானாவே ஒத்துக்கிட்டா, சேர்?"

"நல்லம். அப்பவும் ஏன் சுணங்கின எண்டு கோர்ட்டில கேப்பாங்க. அதுல விழுந்த வழக்குகள் நிறைய."

வழக்குத் தாளில் கையெழுத்து வைத்தாள். பின்னேரமே போய் நானாவிடம் பிரதியை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து இரண்டு தரம் வாசித்தார்.

"எதிராளி நான்தானா?"

"ஓம் நானா."

"பேரச் சரியாத்தான் எழுதியிருக்காங்க." தாளை மடித்தார். "தனியப் பேரக் குடுத்தது என்ட புத்தி. இனாஸோட நான் கதைக்கிறன். நீ எத்தின மணி பஸ்ஸில போற?"

வழக்குத் தவணையன்று காலை புத்தளம் பஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்கள். பளீலா சுணங்கியதற்கான பதிலை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது காரணம் போலக் கேட்கவில்லை.

"ரெண்டு டிக்கட், கோர்ட்டடிக்கு," என்றார் நானா கொண்டக்டரிடம். "இவ எனக்கு மேல வழக்குப் போட்டிருக்கா."

கொண்டக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ஜன்னலால் களப்பின் உப்புக் காற்று அடித்தது. நானா அவளுடைய கோப்பை வாங்கித் தன் மடியில் வைத்து, தாள்கள் பறக்காமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.