பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குச் சேரும்

மணி ஒன்றே முக்கால் ஆகியும் என் மகளிடமிருந்து போன் வரவில்லை. அவளும் அவள் அப்பாவும் ஏறி, காலை பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் ஒரு மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. பேருந்து நிலையத்தில் பதினோரு வருடமாக நான் டைம் கீப்பர். சேர்ந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழிப்பது எனக்குத் தண்ணி பட்ட பாடு. வண்டி பத்து நிமிடம் தாமதித்தால் எந்த டிரைவரும் என் வாயிலிருந்து தப்ப முடியாது.

விவாகரத்துப் பேச்சின்போது அவள் அப்பா அந்த டிக்கெட்டைத்தான் என் முன்னால் நீட்டினார். "புள்ளைய வெளிநாட்டுல என்கூட வச்சுப் படிக்க வைக்கிறேன். மாசம் ஒரு தடவை நீ வந்து பாத்துட்டுப் போ. டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்." பார்த்தேன். பத்து, ஒன்று. என் தங்கச்சி வீட்டுக்கே பஸ்ஸில் நாலரை மணி நேரம் ஆகிறது! லீவு நாளில் காலையில் போய், மகளுக்குத் தலை பின்னி, நாலு வாய் ஊட்டிவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். ஷிப்டுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் நடுவில் நாயாய் அலைந்துகொண்டிருந்த எனக்கு அது கடவுளே காட்டிய வழியாகத் தெரிந்தது. "மூணு மணி நேரம்தானே?" என்றேன். அவர் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். வக்கீலையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரக் கணக்கை எனக்கே யார் சொல்லித் தருவது என்ற திமிர். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"அது இறங்க இன்னும் பத்து மணி நேரம் ஆகும் மேடம்."

"ஒரு மணின்னு போட்டிருக்கே!"

"அது அந்த ஊர் மணி. இங்கேருந்து பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பதிமூணரை மணி நேரம் பறக்கணும்."

"போக வரவா?"

"போக மட்டும் மேடம்."

அடிப்பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். போக வர இருபத்தேழு மணி நேரம். எனக்குக் கிடைப்பது ஒரு நாள் லீவு. விமானத்தை விட்டு இறங்காமலே திரும்பினாலும் மூன்று மணி நேரம் துண்டு விழும்.

வக்கீலைக் கூப்பிட்டு அழுதேன். "சம்மதம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார். "மனு போட்டுப் பாக்கலாம். ஆனா புள்ள அங்க போய்ச் சேந்துட்டா ரொம்பக் கஷ்டம்."

அப்படியானால் சேரக் கூடாது. வேறெதுவும் எனக்கு ஓடவில்லை.

நான் உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு டிரைவர் டிரிப் தாளை நீட்டி, "அக்கா, டைம் போடுங்க" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். இரண்டு மணி வண்டியை அறிவிக்க வேண்டும். மைக்கை அமுக்கினேன். வண்டி நம்பரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"வண்டியத் திருப்புங்க" என்று நிலையம் முழுக்க என் குரல் கேட்டது. "ஐயோ, திருப்புங்க! உள்ள என் புள்ள இருக்கு!"

நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளெல்லாம் பிரேக் போட்டு நின்றன. வாசல் வரைக்கும் போய்விட்ட ஒன்று பின்னால் வரத் தொடங்கியது. ஒரு கண்டக்டர் தன் வண்டிக்குள் ஓடி ஏறி, எல்லோரையும் காலைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேட ஆரம்பித்தார்.